சயாம் ஸ்பூன்கள்

புத்தூரில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பறியும் வீரமலை முதலில் உட்கார இடம் தேடினார். மே மாத வெயில். வாசலில் நின்ற மாட்டுவண்டியில் நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டன. கூடத்தில் மிச்சம் இருந்தது கவிழ்த்து வைத்த ஒரு பித்தளை அண்டா. அதன் மேல் மெதுவாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வீங்கிய காலைத் தரையில் வைத்தார். போலீசில் முப்பது வருஷம் நடந்த கால்.

"பாத்து சார், அதுக்கு ஏற்கெனவே அடியில ஓட்டை," என்றான் பிலோமின்ராஜ். வீரமலையின் உதவியாளன். சைக்கிள் மிதிக்கும்போது மூச்சு வாங்குமே தவிர, பேச்சு நிற்காது.

"எனக்கும்தான். சொல்லுங்க தம்பி, என்ன விஷயம்?"

அவர்களை வரச் சொன்னவன் ரெங்கராஜ். திருவெறும்பூர் பாய்லர் ஃபேக்டரியில் வெல்டர். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. தாத்தா ஆண்டி போன மாதம் காலமாகிவிட்டதால் இந்த வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். பரண் மேல் பழைய தகரப்பெட்டி ஒன்று இருந்ததாம். அதைக் கொண்டுவந்து வீரமலையின் காலடியில் திறந்தான்.

துருப்பிடித்த தண்டவாள ஆணி ஒன்று. நசுங்கிய குவளை ஒன்று. கிழிந்த காக்கித் துணியில் சுற்றிய நான்கு அலுமினிய ஸ்பூன்கள்.

"தாத்தா மலாயாவுல ரப்பர் தோட்டத்துக் கங்காணியா இருந்தாருங்க," என்றான் ரெங்கராஜ். "யுத்தத்தப்ப ஜப்பான்காரன் தோட்டத்து ஆளுங்களை எல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சுக்கிட்டுப் போனான். தாத்தா திரும்பி வந்தார். கூடப் போனவங்கள்ல பாதிக்கு மேல வரல. அதைப் பத்தி அவர் வாயே திறந்ததில்ல."

"இப்ப என்ன தெரியணும்?"

"மன்னார்புரத்துல மாரியாயி அத்தைன்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் பிச்சமுத்து, தாத்தா இருந்த அதே தோட்டம். அவரும் சயாமுக்குப் போனவர். வருஷா வருஷம் தீபாவளி சமயத்துல அத்தை வந்து, 'ஏதாவது தெரிஞ்சுதா அண்ணே'ன்னு கேப்பாங்க. 'வருவான் தாயி'ன்னு தாத்தா சொல்லுவார். இருபது வருஷமா இதே பேச்சு. தாத்தா சாவுக்கு வந்தப்பவும் பொட்டும் தாலியுமாத்தான் வந்தாங்க. போறப்ப என்னைத் தனியா கூப்பிட்டு, 'போற நேரத்துலயாவது ஏதாவது சொன்னாரா தம்பி'ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல முடியல."

"இதுல ஒண்ணு பிச்சமுத்துவோட ஸ்பூனா இருக்கும்னு நினைக்கிறீங்க."

"ஆமாங்க."

"அந்தம்மாகிட்டயே காட்டிக் கேட்டுடலாமே," என்றான் பிலோமின்ராஜ்.

ரெங்கராஜ் அவனைப் பார்த்தான். "ஒரு ஸ்பூனைக் காட்டி ஒரு பொம்பளையத் தாலி கழட்டச் சொல்ல முடியுமாங்க? அப்புறம் அது வேற யாரோடதுன்னு தெரிஞ்சா?"

 

வீரமலை ஸ்பூன்களைத் தரையில் வரிசையாக வைத்தார். ஒன்றின் காம்பில் ஆணியால் கீறிய மீன். இன்னொன்றில் பிறை. மூன்றாவதில் ஒரு நெட்டைக் கோடு, குறுக்கே இரண்டு சின்னக் கோடு, பக்கத்தில் மூன்று புள்ளி. நான்காவதில் ஒன்றுமே இல்லை. அதன் காம்பு மட்டும் வளைந்திருந்தது.

"மீன் போட்டவன் பசியில போட்டிருப்பான்," என்று முணுமுணுத்தான் பிலோமின்ராஜ். "இந்தக் கோடும் புள்ளியும் ஜப்பான் எழுத்தா சார்?" உடனே அவனே தன் சட்டைக் காலரைப் புரட்டிப் பார்த்தான். "ஜப்பான் எழுத்துன்னா என் சட்டையும் டோக்கியோவுலதான் தைச்சிருக்கணும்."

காலரின் உள்பக்கம் கறுப்பு மையில் ஒரு வட்டமும் இரண்டு புள்ளியும் இருந்தன.

வீரமலை அவனை அருகில் இழுத்துக் காலரையும் ஸ்பூனையும் மாறி மாறிப் பார்த்தார். "சலவைக் குறி. துறையில பத்து வண்ணார் துணி ஒண்ணாக் காயும். கலந்துபோகாம இருக்க ஆளுக்கொரு குறி வச்சிருப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர், தனக்குத் தெரிஞ்ச ஒரே கையெழுத்தை ஸ்பூன்ல போட்டிருக்கார்."

பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஸ்பூனின் நுனியையும் திருப்பிப் பார்த்தார். மீனும் பிறையும் இடது ஓரத்தில் தேய்ந்திருந்தன. தட்டைச் சுரண்டிச் சுரண்டி வந்த தேய்வு. சலவைக் குறி போட்டது மட்டும் வலது ஓரத்தில் தேய்ந்திருந்தது.

"இவர் இடதுகைக்காரர்."

"அந்த வளைஞ்ச ஸ்பூன் சார்?"

"தேயவே இல்ல. அதுக்குச் சொந்தக்காரர் அதுல ரொம்ப நாள் சாப்பிடல."

ரெங்கராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தம்பி, தாத்தா கடைசி வருஷங்கள்ல எங்கெல்லாம் போவார்?"

"எங்க வேணும்னாலும் போவாருங்க. காந்தி மார்க்கெட், பாலக்கரை. வயலூருக்கு நடந்தே போயிட்டு வருவார். ஸ்ரீரங்கம் மட்டும் போக மாட்டார். முன்னெல்லாம் ஏகாதசிக்குத் தவறாமப் போனவருதான். திடீர்னு ஒரு வருஷம் நிறுத்திட்டார். அதுக்கப்புறம் காவிரிப் பாலத்தையே தாண்டல. பாட்டி திதிக்கு அம்மா மண்டபத்துக்குக்கூட என்னைத்தான் அனுப்பினார்."

வீரமலை செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வயலூர் வரைக்கும் நடக்கிற கால் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏற மாட்டேங்குதுன்னா, அங்க யாரையோ பாக்க அவருக்குப் பயம். கொள்ளிடக் கரையில வண்ணார் துறை இருக்கு, இந்தக் குறிக்காரரோட குடும்பம் அங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன். அவங்களுக்குப் பிச்சமுத்துவைத் தெரிஞ்சிருக்கலாம். ஸ்பூனை நாங்க எடுத்துக்கிட்டுப் போறோம். நீங்க வீட்டுலயே இருங்க."

*

டவுன் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் கயிறு மாதிரிதான் ஓடியது. தெற்குக் கோபுர வாசலில் இறங்கி, வீதி வீதியாக நடந்து, வடக்கே கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் வீரமலையின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மணல் கொதித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேட்டிகளும் படுக்கை விரிப்புகளும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இருவரும் குனிந்து குனிந்து மூலைகளைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"நம்மளைத் துணி திருடங்கன்னு நினைக்கப் போறாங்க சார்."

"நினைக்கட்டும். அப்பவாவது யாராவது நிழல்ல உக்கார வச்சு விசாரிப்பாங்க."

நாலைந்து துணி வரிசைகளைத் தாண்டியதும் பிலோமின்ராஜ் ஒரு வேட்டியின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"சார்."

வேட்டி மூலையில் ஒரு நெட்டைக் கோடு, குறுக்கே இரண்டு, பக்கத்தில் மூன்று புள்ளி. புத்தம் புதிய வேட்டி. கடைக்காரன் ஒட்டிய காகிதத்தின் தடம்கூட இன்னும் போகவில்லை.

"மகனோ மருமகனோ அதே குறியைப் போடுறாங்க போல," என்றார் வீரமலை.

ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண் அவர்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி வந்தாள். பெயர் காளியாயி என்றாள். வீரமலை ஸ்பூனைக் காட்டி, அந்தக் குறி யாருடையது என்று கேட்டார்.

"எங்க மாமனாரோடதுங்க."

"சயாமுக்குப் போனவரா?"

"ஆமாங்க."

வீரமலை குரலைத் தாழ்த்தினார். "அவர் தவறின சேதி உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு தவறினது? அந்தா அங்க கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருக்காரு பாருங்க."

நாணல் பந்தலின் கீழே, அடுப்பில் வைத்த பானையைக் கிழவர் ஒருவர் துழாவிக்கொண்டிருந்தார். துடுப்பு இடது கையில் இருந்தது.

"சார்," என்றான் பிலோமின்ராஜ் மெல்ல, "நம்ம கேஸ்ல செத்தவர் இன்னிக்குக் காலைலகூட ரெண்டு ஜோடி வேட்டி வெளுத்திருக்கார்."

*

அவர் பெயர் ராமர். ஸ்பூனை நீட்டியதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இடது கையால் அதைப் பிடித்து, நுனியைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஆண்டி அண்ணன் அனுப்பினாரா?"

"அவர் போன மாசம் காலமாயிட்டார். பேரன்தான் எங்களை அனுப்பினார்."

ராமர் துடுப்பைப் பானைமேல் குறுக்கே வைத்தார். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். "சொல்லி விட்டிருந்தா வந்திருப்பேனே," என்றார். 

வீரமலையும் மணலில் உட்கார்ந்தார். மற்ற மூன்று ஸ்பூன்களையும் துணியைப் பிரித்து வைத்தார். பிச்சமுத்துவையும் மாரியாயியையும் பற்றிச் சொன்னார்.

"தோட்டத்துல நான் சலவைத் தொழிலாளி," என்று ஆரம்பித்தார் ராமர். "லயத்து வீடுகள்ல எல்லாரையும் தெரியும். ஜப்பான்காரன் எங்களை ரயில்ல அடைச்சு, அப்புறம் காட்டுல நடத்திக் கூட்டிட்டுப் போனான். மழைக்காலத்துல காலரா வந்துச்சு. கையால சாப்பிடக் கூடாதுன்னு உத்தரவு. ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்தாங்க. கொதிக்கிற தண்ணில முக்கி எடுத்துட்டுத்தான் வாயில வைக்கணும். அடுத்தவன் ஸ்பூனைத் தொடக் கூடாது. அதான் ஆளாளுக்கு அடையாளம் போட்டோம். எனக்கு அதுல ஒரு சௌகரியம். சின்னப் பிள்ளையில இடதுகையால சாப்பிட்டா எங்கம்மா அடிக்கும். ஸ்பூன் வந்தப்புறம் கேக்க யாரு இருக்கா?"

மீனைத் தொட்டார். "இது நாகப்பட்டணத்துச் சவரி." பிறையைத் தொட்டார். "இது ஜமால். நம்ம பாலக்கரைதான். நல்லாப் பாடுவான்." வளைந்த ஸ்பூனை எடுத்தபோது அவர் முகம் இளகியது. "பிச்சமுத்து. இவன் மட்டும் அடையாளம் போட மாட்டேன்னுட்டான். 'ஒரு மாசத்துல வீட்டுக்குப் போற ஆளுக்கு எதுக்குய்யா குறி'ன்னான். கொடுத்த ரெண்டாம் நாளே மரவள்ளிக் கிழங்கு தோண்டப் போய்க் காம்பை வளைச்சு வச்சுட்டான், அப்புறம் திருட்டுத்தனமாக் கையாலதான் சாப்பிட்டான்."

"நிச்சயமா அவரோடதுதானா?" என்றார் வீரமலை.

"வளைச்சதுக்கு நான்தான் திட்டினேன்."

அடுப்பில் விறகு சரிந்தது. அதைச் சரிசெய்துவிட்டு ராமர் தொடர்ந்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நாங்க நாலு பேரும் ஒரே சமயத்துல விழுந்தோம். விழுந்தவங்களை ஒரு மூங்கில் கொட்டகையில போடுவாங்க. ஆண்டி அண்ணன்தான் வாசல்ல கஞ்சித் தண்ணி கொண்டாந்து வச்சுட்டுப் போவார். ஜமால் முதல்ல போனான். அப்புறம் சவரி. பிச்சமுத்து விடியறதுக்கு முன்னாடி. மறுநாள் மத்தியானம் சிப்பாய் வந்தான். கொட்டகைக்கு நெருப்பு வைக்கச் சொன்னான். ஆண்டி அண்ணன்கிட்ட பந்தத்தைக் கொடுத்தான்."

பிலோமின்ராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"வைக்கறதுக்கு முன்னாடி அண்ணன் உள்ள வந்தார். எங்க தலைமாட்டுல இருந்த ஸ்பூனை எல்லாம் பொறுக்கினார். என்கிட்ட வந்தப்ப நான் கண்ணைத் திறந்துதான் கிடந்தேன். கையைக் காலை அசைக்க முடியல. சத்தம் வரல. என் முகத்தையே பாத்தார். நான் செத்துட்டேன்னு நினைச்சாரா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அப்புறம் வெளில போயிட்டார். சூடு முதுகுல பட்டதும் எங்கேருந்தோ ஒரு தெம்பு வந்துச்சு. பின்பக்கம் தட்டியைப் பிச்சுக்கிட்டு ஓடையில உருண்டேன். வேற முகாம் ஆளுங்க தூக்கிட்டுப் போனாங்க."

 கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. காளியாயி ஓடி வந்து பானையை இறக்கினாள்.

"பெரியவரே," என்றார் வீரமலை, "மாரியாயிகிட்ட இதை நான் போய்ச் சொன்னா, அது ஒரு போலீஸ்காரன் சொன்ன சேதியாத்தான் இருக்கும்."

ராமர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். "சட்டை மாத்திக்கிட்டு வரேன்."

*

புத்தூர் வீட்டில் சாமானெல்லாம் போய்விட்டது. வெறும் கூடத்தில் நின்றபடியே ரெங்கராஜ் எல்லாவற்றையும் கேட்டான். வீரமலைதான் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டவும் இல்லை.

ரெங்கராஜ் ராமரிடம் திரும்பினான். "நெருப்பு வச்சது எங்க தாத்தாவா?"

"அவர்தான் தம்பி. வைக்கலேன்னா அவரையும் உள்ள தள்ளியிருப்பாங்க. மத்த மூணு பேரும் அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. நான் மட்டும்தான் உயிரோட இருந்தேன்."

"அவங்க முன்னாடியே போயிட்டாங்கங்கறது தாத்தாவுக்குத் தெரியுமா?"

ராமர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு ஏகாதசிக் கூட்டத்துல வடக்கு வாசல்கிட்ட அவரைப் பாத்தேன். 'அண்ணே'ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்துட்டு, கூட்டத்தை இடிச்சுக்கிட்டு ஓடினார். விசாரிச்சு, பத்து நாள் கழிச்சு இதே வீட்டுக்கு வந்தேன். அவங்க முன்னாடியே போயிட்டாங்கன்னு சொல்லத்தான் வந்தேன். கதவைத் திறந்தார். என்னைப் பாத்தார். ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டார். வெளில நின்னு கத்திச் சொன்னேன். உள்ள அவர் அழுத சத்தத்துல காதுல விழுந்துச்சோ என்னமோ. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்னை அனுப்பிட்டாங்க. பேயின்னு நினைச்சிருப்பார் பாவம். மறுபடி வந்தா மனுஷன் செத்தே போயிடுவாரோன்னு வரல."

ரெங்கராஜ் அந்தக் கதவைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். ராமர் அவன் தோளில் கையை வைத்து, அவன் எழுந்திருக்கும் வரை நின்றார்.

*

மாரியாயியின் வீடு மன்னார்புரத்தில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் சாக்கு விரித்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ரெங்கராஜையும் அவன் பின்னால் மூன்று பேரையும் பார்த்ததும் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க," என்றாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"



ராமர் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தான் யார் என்று சொன்னார். தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். காட்டைப் பற்றி, மழையைப் பற்றிச் சொன்னார். பிச்சமுத்து விடியுமுன் போனதையும், மறுநாள் மத்தியானம் கொட்டகை எரிந்ததையும், யார் எரித்தது என்பதையும் சொன்னார். பிலோமின்ராஜ் ரோட்டில் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். வீரமலை ஸ்பூனை ரெங்கராஜிடம் கொடுத்தார். அவன் குனிந்து இரண்டு கையாலும் அதை அவளிடம் கொடுத்தான்.

அவள் வளைந்த காம்பை விரலால் வருடினாள். "எதையும் பதனமா வச்சுக்கத் தெரியாது அவருக்கு," என்றாள். "ஒரு சட்டை ஆறு மாசம் தாங்காது."

சற்றுப் பொறுத்துக் கேட்டாள். "தண்ணி கேட்டாரா?"

"கேட்டான்."

"கொடுத்தீங்களா?"

"என் குவளையில இருந்ததைக் கொடுத்தேன். குடிச்சான். குடிச்சுட்டுத்தான் போனான்."

அவள் தலையசைத்தாள். கண்ணில் நீர் வரவில்லை. ரெங்கராஜ்தான் உடைந்துபோனான்.

"தாத்தா இத்தனை வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டார் அத்தை."

"தெரியும் தம்பி."

வீரமலை திரும்பிப் பார்த்தார்.

"பொய் சொல்ற மனுஷன் முகத்தைப் பாத்தா தெரியாதா? 'வருவான் தாயி'ன்னு சொல்றப்ப அவர் என்னை நிமிந்தே பாக்க மாட்டார். முத வருஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் போய்க் கேப்பேன். எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கேக்கறதுக்கு ஒரு வாசல் இருந்துச்சு. அந்த மனுஷனும் ஒரு தடவைகூட என்னை விரட்டல. எனக்காகத்தான் பொய் சொல்றாருன்னு இருந்தேன். உள்ளுக்குள்ள இப்படி வெந்துக்கிட்டு இருந்திருக்காருன்னு தெரியாமப் போச்சே."

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சேதி எப்படியோ அதற்குள் போயிருந்தது. அவர்களில் மூத்தவள் மாரியாயியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே ஓரடி முன்னால் வந்தாள்.

மாரியாயி ஒரு கையால் அவளைத் தடுத்தாள். இன்னொரு கை சேலைக்குள் போய்த் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்குக் காலைல வாங்கக்கா," என்றாள். "இன்னிக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும்."